சம்பளம் எந்த மேசையில் நிற்கிறது? அரசுப் பள்ளிக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

பணியில் சேர்ந்து முதல் மூன்று மாதம் எனக்குச் சம்பளம் வரவில்லை. பள்ளி முடிந்ததும் அலுவலகத்துக்குப் போய், "சார், இந்த மாசமாவது வந்துடுமா?" என்று கேட்பேன். "வந்துடும் சார், போயிட்டு வாங்க" என்பார்கள். நானும் நம்பித் திரும்பிவிடுவேன். நான்காவது மாதம் எங்கள் வட்டாரச் சங்கச் செயலாளர் என்னிடம் கேட்டது இரண்டே கேள்விகள். "தம்பி, பில் போட்டாங்களா, போடலையா? போட்டிருந்தா இப்ப எங்க நிக்குது?" எனக்கு இரண்டுக்கும் பதில் தெரியவில்லை. மறுநாள் அவரே உடன் வந்தார். பில்லே போடவில்லை. சி.பி.எஸ்., அதாவது பங்களிப்பு ஓய்வூதியத் திட்ட எண் கேட்டு அனுப்பிய விண்ணப்பத்தில் ஒரு கையொப்பம் விடுபட்டு, அது திரும்பி வந்து கோப்புக்குள் கிடந்தது. பத்து நிமிட வேலை. அதற்காக மூன்று மாதம் கடன் வாங்கி வாடகை கொடுத்திருக்கிறேன்.

அந்த இரண்டு கேள்விகளை விரித்து எழுதுவதுதான் இந்தக் கட்டுரை. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஆசிரியர்கள், ஆய்வக உதவியாளர், இளநிலை உதவியாளர் எல்லோருக்கும் இது பொருந்தும்.

முதல் படி: உங்கள் சம்பளத்தைப் பெற்றுத் தருபவர் யார்?

உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி என்றால் தலைமையாசிரியர்தான் பணம் பெற்று வழங்கும் அலுவலர். தொடக்கப் பள்ளி, நடுநிலைப் பள்ளி என்றால் வட்டாரக் கல்வி அலுவலர். சம்பளப் பட்டியலை, அதாவது பில்லை, அந்த அலுவலகத்து எழுத்தர் தயாரிப்பார், அடுத்தவர் சரிபார்ப்பார், அலுவலர் ஒப்புதல் தருவார். எல்லாம் அரசு ஊழியரின் ஊதியம், பணிவிவரங்களுக்கான ஐ.எஃப்.எச்.ஆர்.எம்.எஸ். மென்பொருளில் நடக்கும். அங்கிருந்து சார்கருவூலத்துக்கோ மாவட்டக் கருவூலத்துக்கோ போகும். சென்னையில் சம்பளக் கணக்கு அலுவலகம். கருவூலம் ஏற்றுக்கொண்டால் மாதத்தின் கடைசி வேலைநாளில் வங்கிக் கணக்கில் பணம் விழும். மார்ச் மாதச் சம்பளம் மட்டும் ஏப்ரல் தொடக்கத்தில்தான் வரும். புதிதாக வந்தவர்கள் மார்ச் 31 அன்று பதறிப்போய்த் தொலைபேசியில் அழைப்பது ஒவ்வோர் ஆண்டும் நடக்கிறது. அதற்குப் பதற வேண்டாம்.

சேர்ந்த வாரத்திலேயே இவற்றைக் கொடுத்துவிடுங்கள்: நியமன ஆணை, பணியேற்பு அறிக்கை, மருத்துவத் தகுதிச் சான்று, ஆதார், பான், வங்கிக் கணக்குப் புத்தக நகல், வாரிசு நியமனப் படிவங்கள், சி.பி.எஸ். எண்ணுக்கான விண்ணப்பம். 1.4.2003 முதல் பணிக்கு வந்த எல்லோருக்கும் சி.பி.எஸ். பிடித்தம் உண்டு. அந்த எண் வராமல் முதல் பில் நகராது. ஆகவே விண்ணப்பம் எந்தத் தேதியில், எந்தக் கடித எண்ணில் போனது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பெயர் ஆதாரில் ஒரு விதமாகவும் பானில் வேறு விதமாகவும் இருந்தால், முன்னெழுத்து முன்னால் பின்னால் மாறியிருந்தால்கூட, இப்போதே திருத்துங்கள்.

மாறுதலில் வந்தவர்களுக்குச் சிக்கல் வேறு. பழைய அலுவலகம் உங்களை மென்பொருளில் விடுவிக்க வேண்டும், புதிய அலுவலகம் சேர்க்க வேண்டும். காகிதத்தில் விடுவிப்பு ஆணை கையில் இருக்கும், கணினியில் நீங்கள் இன்னும் பழைய பள்ளியிலேயே இருப்பீர்கள். முன் ஊதியச் சான்றும், அதாவது எல்.பி.சி.யும், பணிப்பதிவேடும் வந்து சேர்ந்தனவா என்று பார்ப்பது உங்கள் பொறுப்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள். மாறுதல் கலந்தாய்வு முடிந்த மாதங்களில் சங்கத்துக்கு வரும் சம்பளப் புகார்களில் பெரும்பங்கு இதுதான்.

இரண்டாம் படி: ஊதியச் சீட்டைப் படிக்கப் பழகுங்கள்

அரசின் களஞ்சியம் செயலியில் ஒவ்வொரு மாதச் சீட்டும் கிடைக்கும். வங்கியில் விழுந்த தொகையை மட்டும் பார்த்துவிட்டு விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு வரியையும் நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. இடைநிலை ஆசிரியராகப் புதிதாகச் சேர்பவருக்கு அடிப்படை ஊதியம் ரூ.20,600. 1.7.2025 நிலவரப்படி அகவிலைப்படி 58 விழுக்காடு. ஆக ரூ.11,948. இரண்டும் சேர்ந்து ரூ.32,548. இந்தக் கூட்டுத்தொகையில் 10 விழுக்காடு, ரூ.3,255, சி.பி.எஸ். பிடித்தமாகப் போகும். இதன்மேல் ஊரைப் பொறுத்து வீட்டு வாடகைப்படி, மருத்துவப்படி ரூ.300. கழிவில் மருத்துவக் காப்பீடு, குடும்பப் பாதுகாப்பு நிதி, அரையாண்டுக்கு ஒருமுறை தொழில்வரி. தொழில்வரி ஆண்டுக்கு ரூ.2,500க்கு மேல் போகக் கூடாது என்று அரசமைப்புச் சட்டத்தின் 276ஆம் பிரிவே வரம்பு வைத்திருக்கிறது.

அகவிலைப்படி உயர்வு பின்தேதியிட்டு வரும். 55இலிருந்து 58 ஆனபோது ரூ.20,600 வாங்குபவருக்கு மாதம் ரூ.618 கூடுதல். ஜூலை முதல் அக்டோபர் வரை நான்கு மாத நிலுவை ரூ.2,472. அதிலும் 10 விழுக்காடு சி.பி.எஸ்.க்குப் போகும். உங்களுக்கு அந்த நிலுவை வந்ததா, பிடித்தம் சரியா என்று இப்படித்தான் பார்க்க வேண்டும். பலருக்கு நிலுவை பில் போட மறந்துபோயிருக்கும், அவர்களும் கேட்காமல் விட்டிருப்பார்கள்.

ஆண்டு ஊதிய உயர்வு ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் ஆகிய நான்கு மாதங்களின் முதல் தேதிகளில் ஒன்றில் வரும். உங்களுக்கு எந்தக் காலாண்டு என்று பணிப்பதிவேட்டில் பாருங்கள். அந்த மாதச் சீட்டில் அடிப்படை ஊதியம் ஊதிய அட்டவணையின் அடுத்த கட்டத்துக்கு நகர்ந்திருக்க வேண்டும்.

வருமான வரியையும் இப்போது மென்பொருளே கணக்கிட்டு மாதந்தோறும் பிடிக்கிறது. பழைய முறையா புதிய முறையா என்பதை நிதியாண்டுத் தொடக்கத்திலேயே நீங்கள் தேர்ந்தெடுத்துச் சொல்லிவிடுங்கள். வாடகை ரசீது, வீட்டுக்கடன் எல்லாம் பழைய முறையில்தான் பயன்படும். இன்னொன்று, இதை நான் அழுத்திச் சொல்வேன்: பிடித்த வரி உங்கள் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா என்று வருமான வரித் தளத்தில் காலாண்டுக்கு ஒருமுறை பாருங்கள். அலுவலகம் காலாண்டு அறிக்கை தாக்கல் செய்யத் தவறினால், சம்பளத்தில் வரி போயிருக்கும், வரித்துறைக் கணக்கில் இருக்காது. ஓராண்டு கழித்து உங்களுக்கு நோட்டீஸ் வரும்.

மூன்றாம் படி: இது எந்த வகைச் சிக்கல்?

இந்த இடத்தில் நிதானம் வேண்டும். யாரிடம் போவது என்பது இதைப் பொறுத்துத்தான் இருக்கிறது. தவறான மேசையில் நின்று மாதக்கணக்கில் காத்திருந்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

பில்லில் உள்ள பிழை என்றால் உங்கள் அலுவலகத்திலேயே தீரும். வீட்டு வாடகைப்படி தவறான பிரிவில் ஏறியது, ஊதிய உயர்வு விடுபட்டது, மருத்துவ விடுப்பு அனுமதிக்கப்படாமல் அந்த நாட்களுக்குச் சம்பளம் நின்றது, கருவூலம் ஆட்சேபணை சொல்லித் திருப்பியது. இவற்றுக்கு எழுத்தரும் அலுவலரும் போதும். கருவூலம் திருப்பியிருந்தால், "கருவூலத்தில் நிறுத்திட்டாங்க" என்ற வாய்மொழியோடு திரும்பி வராதீர்கள். ஆட்சேபணைக் குறிப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். அந்த ஒரு வரியில்தான் விடை இருக்கும்.

அடுத்தது ஆணை இல்லாத சிக்கல். பில் போட எழுத்தர் தயார், போட அதிகாரம் இல்லை. நம் துறையில் ஏராளமான பணியிடங்கள் இன்னும் தற்காலிகப் பணியிடங்களாகவே இருக்கின்றன. குறிப்பிட்ட காலத்துக்கு அனுமதித்து, முடியும்போது தொடர் நீட்டிப்பு ஆணை தர வேண்டும். அந்த ஆணை வரத் தாமதமானால், அதுவரை சம்பளம் வழங்க இயக்குநரகத்திலிருந்து கருவூலத்துக்கு ஊதியக் கொடுப்பாணை போக வேண்டும். இரண்டும் வராத மாதத்தில் அந்தப் பணியிடங்களில் இருக்கும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் சம்பளம் நிற்கும். ஆகவே உங்களுக்கு நின்றால் முதலில் கேட்க வேண்டியது, "நான் எந்த அரசாணையில் அனுமதித்த பணியிடத்தில் இருக்கிறேன், அதன் நீட்டிப்பு எந்தத் தேதி வரை?" என்பதே. பதிலை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முடியும் தேதிக்கு இரண்டு மாதம் முன்னதாகவே சங்கத்தில் நினைவூட்டினால், மாவட்டத்திலிருந்து முன்மொழிவு போனதா என்று அவர்கள் விசாரிக்க முடியும். உள்ளூர் எழுத்தரிடம் கோபப்பட்டுப் பயனில்லை. அவர் கையில் அது இல்லை.

பணிவரன்முறை (பணியை முறைப்படுத்துவது), தகுதிகாண் பருவம், நீண்ட பணிக்குக் கிடைக்கும் தேர்வுநிலை, சிறப்புநிலை ஆகியவையும் இந்த வகைதான். கல்விச் சான்றுகளின் உண்மைத்தன்மையை உறுதிசெய்யும் கடிதம் வந்து சேராததால் பணிவரன்முறை நிற்கும், அதனால் மற்றதெல்லாம் நிற்கும். உதவிபெறும் பள்ளிகளில் நியமன ஒப்புதல் கிடைக்காமல் ஆண்டுக்கணக்கில் சம்பளமின்றிப் பாடம் நடத்துகிறவர்களின் துயரமும் இதே இடத்தில்தான் தொடங்குகிறது.

நிதியே வராத சிக்கல் ஒன்று உண்டு. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் பணியாற்றுவோருக்கு ஒன்றிய, மாநில அரசுகள் இரண்டின் பங்கும் சேர்ந்துதான் சம்பளம். ஒன்றிய அரசின் பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை என்று 2024-25க்கான ரூ.2,152 கோடியை ஒன்றிய அரசு நிறுத்திவைத்தபோது, அந்த ஆண்டு செப்டம்பரில் இவர்களுடைய சம்பளம் தள்ளிப்போனது. பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தொகுப்பூதியத்தில் நியமிக்கப்பட்டவர்களுக்கும் பணம் குழுவின் கணக்குக்கு வந்தால்தான் கைக்கு வரும். இங்கே தனி மனு எடுபடாது. கூட்டாகத்தான் கேட்க வேண்டும்.

கடைசியாக, கொள்கையே காரணமான குறைகள். 1.6.2009 முதல் சேர்ந்த இடைநிலை ஆசிரியர்களுக்கு அடிப்படை ஊதியம் ரூ.5,200 என்று தொடங்கியது. அதற்கு ஒரு நாள் முன்பு சேர்ந்தவருக்கு ரூ.8,370. ஒரே வகுப்பு, ஒரே பாடம், ஒரே தகுதி. "சம வேலைக்குச் சம ஊதியம்" என்று அவர்கள் பள்ளிக் கல்வித் துறையின் தலைமை அலுவலகங்கள் இருக்கும் சென்னை டி.பி.ஐ. வளாகத்தில் உண்ணாவிரதம் இருந்தது இதற்காகத்தான். உயர்கல்விக்கான ஊக்க ஊதிய உயர்வு 10.3.2020 அரசாணையோடு நின்றது. இவற்றை உங்கள் எழுத்தராலோ வட்டாரக் கல்வி அலுவலராலோ தீர்க்க முடியாது. இவை சங்கத்தின் வேலை, சில வேளை நீதிமன்றத்தின் வேலை.

நான்காம் படி: எழுதிக் கொடுங்கள்

வாயால் நூறு முறை கேட்டதற்குச் சான்று கிடையாது. ஒரு பக்க மனு போதும். உணர்ச்சி வேண்டாம், தேதியும் தொகையும் வேண்டும். இப்படி:

"பொருள்: ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி, இடைநிலை ஆசிரியர், 1.7.2025 ஆண்டு ஊதிய உயர்வு, நிலுவை வழங்கக் கோருதல் சார்பு.

எனக்கு 1.7.2025 அன்று வழங்க வேண்டிய ஆண்டு ஊதிய உயர்வு, ஜூலை முதல் இன்றுவரை ஊதியப் பட்டியலில் சேர்க்கப்படவில்லை. ஜூன், ஜூலை மாத ஊதியச் சீட்டுகளும் பணிப்பதிவேட்டின் உரிய பக்கமும் இணைக்கப்பட்டுள்ளன. ஊதிய உயர்வை அனுமதித்து, நிலுவையை அடுத்த மாதப் பட்டியலுடன் வழங்குமாறும், இயலாதெனில் அதற்கான காரணத்தை எழுத்து வடிவில் தெரிவிக்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்."

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். மறுக்கும் காரணம் கையில் கிடைத்தால்தான் மேலே போக முடியும். இரண்டு படிகள் எடுத்து, ஒன்றில் தேதி முத்திரையோடு பெற்றுக்கொண்டதற்கு ஒப்பம் வாங்குங்கள். தர மறுத்தால் விரைவுத் தபாலில் அனுப்புங்கள். மேலதிகாரிக்கு எழுதுவதாக இருந்தால் "உரிய வழியாக" என்று குறிப்பிட்டு உங்கள் அலுவலர் மூலமாகவே அனுப்புங்கள். நேரே தாண்டிப் போனால், சிக்கலை விட்டுவிட்டு நீங்கள் தாண்டியதைப் பற்றிப் பேசுவார்கள்.

ஒரு மாதம் ஆகியும் பதில் இல்லையென்றால் நினைவூட்டு மனு. அதற்கும் பதில் இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டம். ரூ.10 கட்டணத்தோடு, "இந்தத் தேதியிட்ட என் மனுமீது எடுத்த நடவடிக்கை என்ன, கோப்பு இப்போது யாரிடம் இருக்கிறது?" என்று பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதினால் 30 நாளில் பதில் தர வேண்டும். இதை முதல் ஆயுதமாக எடுக்காதீர்கள். உடன் வேலை செய்யும் எழுத்தரோடு இன்னும் முப்பது ஆண்டு இருக்கப்போகிறீர்கள். ஆட்கள் குறைந்த அலுவலகத்தில் இருநூறு பேருக்குப் பில் போடுகிற மனிதர் அவர். பெரும்பாலான தவறுகள் வேலைச்சுமையால் வருபவை.

ஊதியச் சீட்டையும் மனுவையும் வாட்ஸ்அப் குழுக்களில் போடுவதையும் தவிருங்கள். உங்கள் கணக்கிலிருந்து மோசடியாகப் பணம் எடுக்கப் பார்ப்பவர்களுக்கும் அது பயன்படும், நடத்தை விதிப்படி உங்கள்மேலேயே குறிப்பாணை தரவும் பயன்படும்.

ஐந்தாம் படி: சங்கத்திடம் எப்படிப் போவது?

எந்தச் சங்கத்தில் சேர்வது என்று என்னிடம் கேட்பவர்களுக்குப் பெயர் சொல்வதில்லை. இடைநிலை, பட்டதாரி, முதுகலை, உடற்கல்வி, ஆசிரியரல்லாத பணியாளர் என்று ஒவ்வொரு பிரிவுக்கும் பல சங்கங்கள் இருக்கின்றன. மூன்றை மட்டும் பாருங்கள் என்பேன். சந்தாவுக்கு ரசீது தருகிறார்களா? பொறுப்பாளர்கள் உறுப்பினர் தேர்தலில் வந்தவர்களா? உங்கள் வட்டாரச் செயலாளர் மாதம் ஒருமுறையாவது அலுவலகத்துக்குப் போய்க் கோப்புகளைக் கேட்கிறாரா? மேடையில் நன்றாகப் பேசுவதைவிட இந்த மூன்றாவது எனக்கு முக்கியம்.

போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். மனு நகல், ஊதியச் சீட்டுகள், நியமன ஆணை, நீங்கள் யாரை எந்தத் தேதியில் பார்த்தீர்கள், என்ன சொன்னார்கள் என்ற குறிப்பு, இவையெல்லாம் ஒரு கோப்பில் இருக்கட்டும். ஆசிரியர் குறைதீர் நாள் எப்போது என்று அவரிடம் கேட்டு, அன்று உடன் வரச் சொல்லுங்கள். உங்களுக்கு நேர்ந்ததே அதே வட்டாரத்தில் இன்னும் பதினான்கு பேருக்கு நேர்ந்திருப்பதை அவர்தான் அறிவார். பதினைந்து பெயரோடு ஒரு பட்டியல் போனால் மாவட்டக் கல்வி அலுவலர் அதைக் கூட்டப் பொருளாக எடுத்துக்கொள்வார். ஒற்றை மனு கோப்பில் சேரும். சங்கத்தால் கிடைக்கும் பெரிய உதவி இதுதான்.

சங்கம் செய்ய முடியாததும் உண்டு. தகுதியில்லாத ஊதிய உயர்வை வாங்கித் தர முடியாது. நீங்கள் மனு எழுதாமல் விட்டதை ஈடுசெய்ய முடியாது. "வேலையை முடிக்க" என்று யாராவது பணம் கேட்டால், அலுவலகத்தில் இருப்பவரோ சங்கத்தின் பெயரைச் சொல்பவரோ யாராக இருந்தாலும் கொடுக்காதீர்கள். உங்கள் சம்பளம் உங்கள் உரிமை.

போராட்ட அழைப்பு வரும்போது அறிந்து முடிவெடுங்கள். 2003 ஜூலை வேலைநிறுத்தத்தில் டெஸ்மா எனும் தமிழ்நாடு அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டத்தின்கீழ் சுமார் 1.70 லட்சம் பேர் ஒரே அடியில் நீக்கப்பட்டார்கள். அந்த ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்யும் உரிமை இல்லை என்று தீர்ப்பளித்தது. 2019 ஜனவரி 22 முதல் 30 வரை ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோ நடத்திய வேலைநிறுத்தத்தில் சம்பளப் பிடித்தமும் ஒழுங்கு நடவடிக்கைக்கான 17(ஆ) குறிப்பாணைகளும் வந்தன. பின்னர் அவை விலக்கிக்கொள்ளப்பட்டன, அந்த நாட்களும் பணிக்காலமாக ஏற்கப்பட்டன. ஆர்ப்பாட்டம், தற்செயல் விடுப்புப் போராட்டம், வேலைநிறுத்தம் மூன்றுக்கும் விளைவுகள் வேறு. தகுதிகாண் பருவத்தில் இருப்பவர்கள் இதைத் தங்கள் செயலாளரிடம் வெளிப்படையாகப் பேசிவிடுவது நல்லது. நான் கலந்துகொண்டிருக்கிறேன், வருந்தவில்லை. ஆனால் தெரிந்துதான் கலந்துகொண்டேன்.

கூடுதலாக வந்துவிட்டால்?

குறைந்தால் கேட்கிறோம், கூடினால் பேசாமல் இருக்கிறோம். பல ஆண்டு கழித்துத் தணிக்கையில் அது வெளிப்பட்டு, லட்சக்கணக்கில் பிடித்தம் என்று ஆணை வரும்போது குடும்பமே ஆடிப்போகும். கூடுதலாக வந்ததென்று தெரிந்தால் அந்த மாதமே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

உங்கள் தவறின்றிப் பல ஆண்டு முன் வழங்கியதை இப்போது பிடிக்க முனைந்தால், 2014 டிசம்பரில் ரஃபீக் மாசி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது உதவும். சி, டி பிரிவு ஊழியர், ஓய்வு பெற்றவர் அல்லது ஓராண்டுக்குள் ஓய்வு பெறுபவர், பிடித்தம் செய்யும் ஆணைக்கு முன் ஐந்தாண்டுக்கு மேலாகக் கூடுதல் தொகை வழங்கப்பட்டவர் ஆகியோரிடம் திரும்பப் பிடிக்கக் கூடாது என்றது அந்தத் தீர்ப்பு. ஆனால் ஊதிய நிர்ணயத்தின்போது, "கூடுதலாக வழங்கியிருந்தால் திருப்பிச் செலுத்துவேன்" என்று ஓர் உறுதிமொழியில் கையெழுத்து வாங்குவார்கள். அப்படி எழுதிக் கொடுத்த நீதித்துறை அலுவலர் ஒருவரிடம் திரும்பப் பெறலாம் என்று 2016இல் ஜக்தேவ் சிங் வழக்கில் அதே நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எனவே படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள், போட்டதன் நகலை வைத்துக்கொள்ளுங்கள். பிடித்தம் செய்யும் ஆணை வந்தவுடன் பதிலளிக்க அவகாசம் கேட்டு எழுதி, சங்கத்தின் வழக்கறிஞரைப் பாருங்கள். சென்னை உயர் நீதிமன்றத்திலும் அதன் மதுரைக் கிளையிலும் இப்படிப்பட்ட வழக்குகள் வழக்கமாக நடப்பவைதான்.

பணம் வந்த பிறகு

வங்கியில் விழுந்ததோடு வேலை முடிவதில்லை. நிலுவைக்கான சீட்டைப் பதிவிறக்கி வையுங்கள். ஊதிய உயர்வோ பணிவரன்முறையோ பணிப்பதிவேட்டில் பதிவாகி அலுவலர் ஒப்பமிட்டிருக்கிறாரா என்று நேரில் பாருங்கள். நிலுவையில் பிடித்த சி.பி.எஸ். தொகை ஆண்டுக் கணக்குச் சீட்டில் ஏறியிருக்கிறதா என்று சரிபாருங்கள். முன்னாண்டுகளுக்கான நிலுவை மொத்தமாக வந்து வரி கூடியிருந்தால், அதற்கான நிவாரணத்தைக் கணக்குத் தாக்கலுக்கு முன் கேளுங்கள். பிறகு வட்டாரச் செயலாளருக்கு ஒரு வார்த்தை சொல்லி, பட்டியலில் உங்கள் பெயரை அடிக்கச் சொல்லுங்கள். மீதிப் பதினான்கு பேரில் யாருடையது இன்னும் நிற்கிறது என்றும் கேளுங்கள்.